சக்திமான் வந்த ஆண்டு

"90ஸ் கிட்ஸ்" மீம்களில் ஒரு படம் தவறாமல் வந்துவிடும். சிவப்பு உடை, மார்பில் தங்க நிறச் சக்கரம், ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பம்பரமாகச் சுழலும் சக்திமான். கீழே அந்தக் காலம் திரும்பி வருமா என்று ஏங்கும் ஒரு வரி. சென்ற மாதம் ஒரு மாணவர் கூட்டத்தில் இந்த மீமைப் பற்றி நான் ஏதோ சொல்லப்போக, ஒரு தம்பி எழுந்து கேட்டார்: "அண்ணா, சக்திமான்லயுமா சாதி பாக்கணும்? சும்மா ஜாலியா பாத்த விஷயம்தானே?"

நியாயமான கேள்வி. அன்று அவசரத்தில் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நானும் சக்திமான் ரசிகன்தான். எங்கள் காலனியில் அப்போது டிவி இருந்த வீடு ஒன்றுகூடக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பகலில் ஊர்த்தெருவுக்குப் போய், ஒரு வீட்டுச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்று பார்ப்போம். அந்த வீட்டுப் பிள்ளைகள் உள்ளே பாயில் உட்கார்ந்திருப்பார்கள். இந்தி அவர்களுக்கும் புரியாது, எங்களுக்கும் புரியாது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் சமத்துவம். வீட்டுக்காரருக்கு மனநிலை சரியில்லாத நாளில் சன்னல் கதவு சாத்தப்படும். மீதிக் கதையை வீடு திரும்பும் வழியில் நாங்களே சொல்லிக்கொள்வோம்.

ஆகவே "அந்தக் காலம் திரும்பி வருமா" என்ற வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சன்னலுக்கு உள்ளேயா வெளியேயா என்ற கேள்விதான் முதலில் வருகிறது. பழைய சூப்பர்ஹீரோக்களை நினைத்து ஏங்குவதும் சிரிப்பதும் உலகம் முழுக்க நடக்கிறது. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது அமெரிக்காவில் தொடங்குகிறது. அங்கே போய்விட்டு நம் சன்னலுக்குத் திரும்புவோம்.

சிரிப்பின் பெயர் 'கேம்ப்'

அட்டை மதில், தொங்கும் கயிறு தெரியும் பறக்கும் காட்சி, உடம்போடு ஒட்டிய உடை, மிகையான வசனம். இவற்றை மட்டம் என்று தள்ளாமல், மட்டமாக இருப்பதாலேயே ரசிப்பதற்கு ஆங்கிலத்தில் 'கேம்ப்' என்று பெயர். எழுத்தாளர் சூசன் சோன்டாக் 1964இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதன்பிறகு அந்தச் சொல் பொதுப்புழக்கத்துக்கு வந்தது. ஒரு படைப்புக்கு வயதாக ஆக, அது கிளப்பிய அறம் சார்ந்த கோபம் ஆறிவிடுகிறது, அதனால் அதை வெறும் விளையாட்டாக ரசிக்க முடிகிறது என்பது அவர் சொன்னவற்றில் ஒன்று.

இந்த ரசனையை வளர்த்தவர்களில் முக்கியமானவர்கள் தன்பாலின ஈர்ப்பாளர்கள். தங்களை இழிவாகப் பார்த்த உலகத்தின் கம்பீரங்களை மிகைப்படுத்திக் கேலி செய்வது அவர்களுக்கு ஒரு தற்காப்பு. கீழிருந்து மேலே பார்த்துச் சிரிப்பது. அதில் குறைசொல்ல எதுவுமில்லை. ஆனால் அதே சிரிப்பு பெரும்பான்மையின் கைக்குப் போகும்போது என்ன நடக்கிறது? யாருடைய கோபம் ஆறிவிட்டது என்று யார் தீர்மானிப்பது?

1943: முதல் பேட்மேன்

திரையில் வந்த முதல் பேட்மேன் 1943இல் கொலம்பியா நிறுவனம் எடுத்த தொடர்படம். 15 பாகங்கள். வாரம் ஒரு பாகம் தியேட்டரில் ஓடும். லூயிஸ் வில்சன் பேட்மேனாக நடித்தார். இதில் அவர் அமெரிக்க அரசின் ரகசிய ஊழியர். வில்லன் டாக்டர் டாகா என்ற ஜப்பானியர். அந்த வேடத்தில் நடித்தவர் ஜே. கேரல் நைஷ் என்ற ஐரிஷ் வம்சாவளி அமெரிக்கர். கண்ணை இழுத்துக் கட்டியதுபோல் ஒப்பனை, குழைந்த பேச்சு. மனிதர்களின் மூளையை இயந்திரத்தால் அடக்கிப் பொம்மைகளாக்குவான். காலடியில் முதலைக் குழி வைத்திருப்பான். இன்று பார்த்தால் சிரிப்பு வராமல் இருக்காது.

டாகாவின் மறைவிடம் 'லிட்டில் டோக்கியோ' என்ற ஜப்பானியர் குடியிருப்பில் இருக்கும். கேமரா அந்தத் தெருவுக்குள் நுழையும். தெரு காலியாகக் கிடக்கும். இங்கே வாழ்ந்த ஜப்பானியர்களை நம் புத்திசாலி அரசாங்கம் வளைத்துப் பிடித்துக் கொண்டுபோய்விட்டது என்ற பொருளில், ஓர் இழிசொல்லையும் சேர்த்து, பின்னணிக் குரல் பெருமையாகச் சொல்லும்.

அந்தக் காலித் தெரு கற்பனை அல்ல. 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் 9066 என்ற எண் கொண்ட ஆணையில் கையெழுத்திட்டார். அதன் பேரில் ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளி மக்கள் மேற்குக் கடற்கரையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டு, முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை. பிறப்பு ஒன்றே குற்றம்.

பிறப்பே குற்றம் என்ற சட்டத்தை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்திய வரலாற்றில் 1871இன் குற்றப்பரம்பரைச் சட்டம் அதைத்தான் செய்தது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே தீண்டாமை அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. எங்கே இருந்தாலும் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு கதை வேண்டும். அடைக்கப்பட்டவன் ஆபத்தானவன் என்று குழந்தைகளுக்குச் சொல்லித்தர ஒரு கதை. 1943இல் அந்த வேலையைப் பேட்மேன் செய்தார். முகாமில் ஒரு ஜப்பானிய அமெரிக்கச் சிறுவன் முள்வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற நாட்களில்தான், அவன் வயதுச் சிறுவர்கள் தியேட்டரில் டாகாவைப் பார்த்துக் கூச்சலிட்டுக்கொண்டிருந்தார்கள்.

1965: அதே படம், வேறு சிரிப்பு

இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1965இல், கொலம்பியா அந்த 15 பாகங்களையும் ஒட்டி ஒரே மூச்சில் ஓடும்படி மறுபடி வெளியிட்டது. நான்கு மணி நேரத்துக்கும் மேல். கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தவர்கள் கல்லூரி மாணவர்கள். வில்லனுக்கு விசில், கதாநாயகனுக்குக் கேலிக் கைதட்டல், ஒப்பனையைப் பார்த்து வெடிச்சிரிப்பு. கேம்ப் அலை உச்சத்தில் இருந்த நேரம்.

அந்த மாணவர்கள் எல்லோரும் இனவெறியர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அபத்தத்தைப் பார்த்துத்தான் சிரித்திருப்பார்கள். ஆனால் முகாமிலிருந்து திரும்பி, வீடும் கடையும் நிலமும் போன இடத்தில் வாழ்க்கையை மறுபடி முதலிலிருந்து தொடங்கியவர்கள் 1965இல் உயிரோடுதான் இருந்தார்கள். அரசு அதுவரை மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை. முறையான மன்னிப்பும், உயிரோடிருந்தவர்களுக்குத் தலா 20,000 டாலர் இழப்பீடும் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தன. கணக்குத் தீருமுன்பே சிரிப்பு வந்துவிட்டது. பெரும்பான்மைக்குக் கோபம் ஆறிவிட்டது. ஆறவேண்டியவர்களை யாரும் கேட்கவில்லை.

பின்னாளில் இந்தத் தொடர்படம் வீடியோ கேசட்டாக வந்தபோது இழிவான வசனங்களை நீக்கி வேறு குரல் பதித்தார்கள். டிவிடியில் பழையபடியே விட்டார்கள். இரண்டில் எது சரி என்று கேட்டால், பழையபடி இருப்பதே சரி என்பேன். அழித்துவிட்டால் நடந்ததற்குச் சாட்சி இல்லாமல் போகும். சாட்சியைச் சாட்சியாகப் பார்க்கப் பழகவேண்டும், அவ்வளவுதான்.

1966: கோமாளி வில்லன்களின் ஊர்

1966 ஜனவரியில் ஏபிசி தொலைக்காட்சியில் ஆடம் வெஸ்ட் நடித்த 'பேட்மேன்' தொடர் ஆரம்பமானது. கேம்ப் என்றால் இன்றைக்கும் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். சண்டையில் ஒவ்வொரு குத்துக்கும் திரை நிறைய வண்ண எழுத்தில் ஓசை. சுவரில் நடப்பதற்குக் கேமராவைச் சாய்த்து வைப்பது. 1968 மார்ச் வரை 120 அத்தியாயங்கள். அமெரிக்காவில் இன்று தாத்தா பாட்டிகளாக இருப்பவர்களின் 'அந்தக் காலம்' இதுவே.

அந்தத் தொடரின் ஊரில் போலீஸ் கமிஷனர் நல்லவர். வில்லன்கள் முகத்தில் சாயம் பூசிய கோமாளிகள். குற்றத்துக்கு வறுமை காரணமில்லை, நிறவெறி காரணமில்லை. சிவப்புத் தொலைபேசியை எடுத்தால் நீதி காரில் வந்துவிடும். தொடர் ஆரம்பிப்பதற்கு ஐந்து மாதம் முன்னால், 1965 ஆகஸ்டில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் ஒரு கறுப்பின இளைஞரைப் போலீஸ் கைது செய்ததிலிருந்து மூண்ட கிளர்ச்சியில் 34 பேர் செத்திருந்தார்கள். தொடர் ஓடிக்கொண்டிருந்த 1966 அக்டோபரில், போலீஸ் அத்துமீறலைக் கண்காணிக்க ஓக்லாந்தில் கருஞ்சிறுத்தைக் கட்சி தொடங்கப்பட்டது. அந்தப் பெயர்தான் 1972இல் பம்பாய்க்கு வந்து தலித் பேந்தர்ஸ் ஆனது. பிறகு மதுரைக்கு வந்து சிறுத்தைகள் ஆனது. நம் இயக்கத்தின் பெயர் பிறந்த ஆண்டும், கேம்ப் பேட்மேன் வந்த ஆண்டும் ஒன்றே.

பூனைப்பெண்ணும் கார் ஓட்டியும்

ஆனால் பொழுதுபோக்கு என்பது முதலாளி நினைத்தபடி மட்டுமே நடக்கும் இடமல்ல. உள்ளே வேலை செய்யப் போனவர்களும் இருக்கிறார்கள். இருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

எர்த்தா கிட் 1927இல் தென் கரோலினாவில் பருத்திக்காட்டு வறுமையில் பிறந்த கறுப்பினப் பெண். பாடகி, நடிகை. 'பேட்மேன்' தொடரின் மூன்றாவது பருவத்தில், 1967 டிசம்பரில், கேட்வுமன் வேடத்தில் வந்தார். அதற்கு முன் அதே வேடத்தில் நடித்த ஜூலி நியூமர் வெள்ளையர். நியூமர் நடித்தபோது பேட்மேனுக்கும் கேட்வுமனுக்கும் நடுவே ஒரு காதல் விளையாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். எர்த்தா கிட் வந்ததும் அது காணாமல் போனது. கலப்பு மணத்தைத் தடைசெய்யும் மாநிலச் சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஜூன் 12 அன்றுதான் தீர்ப்பளித்திருந்தது. சட்டம் மாறி ஆறு மாதம் ஆகியும் திரைக்குத் துணிவு வரவில்லை. இளவரசனையும் கோகுல்ராஜையும் இழந்த ஊர்க்காரர்களுக்கு இது புரியும்.

அடுத்த மாதம், 1968 ஜனவரி 18 அன்று, அதிபரின் மனைவி வெள்ளை மாளிகையில் ஒரு மதிய விருந்து கொடுத்தார். பேச்சு இளைஞர்களிடையே குற்றங்கள் பெருகுவது பற்றி. எர்த்தா கிட் எழுந்து, எங்கள் பிள்ளைகளை வியட்நாம் போருக்குப் பிடித்துக்கொண்டு போகிறீர்கள், அவர்கள் ஏன் கோபப்படமாட்டார்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டார். அத்தோடு அமெரிக்காவில் அவருக்கு வேலை வற்றிப்போனது. ஏறத்தாழ பத்து ஆண்டுகள் வெளிநாடுகளில் பாடித்தான் பிழைத்தார். சிஐஏ அவரைப் பற்றிக் கோப்பு திரட்டியிருந்தது 1975இல் பத்திரிகையில் அம்பலமானது. திரையில் அவர் நடித்தது வில்லி வேடம். அந்த ஆண்டில் அந்தத் தொடரோடு சம்பந்தப்பட்டவர்களில் நிஜமான துணிச்சலைக் காட்டியவர் யார் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

இன்னொருவர் புரூஸ் லீ. 1966 செப்டம்பரில் ஆரம்பித்த 'தி கிரீன் ஹார்னெட்' தொடரில் கதாநாயகனின் கார் ஓட்டி கேட்டோவாக நடித்தார். இந்தக் கேட்டோ பாத்திரம் 1930களின் வானொலித் தொடரில் ஜப்பானியர். பிறகு பிலிப்பைன்ஸ்காரர். தொலைக்காட்சியில் நடித்தது சீனர். ஆசிய முகமாக இருந்தால் போதும், எந்த நாடு என்று யாருக்கு என்ன கவலை? எல்லாச் சேரியையும் ஒரே பெயர் சொல்லிக் கூப்பிடுவது மாதிரிதான். வசனம் குறைவு, சண்டை மட்டும் அவருடையது. தொடர் 26 அத்தியாயங்களோடு நின்றுபோனது. ஆனால் ஹாங்காங்கில் அதை மக்கள் 'கேட்டோ ஷோ' என்றே அழைத்தார்கள். முதலாளியின் பெயரில் வந்த தொடரை ஓட்டுநரின் பெயரில் மாற்றிப் பதிந்தது பார்வையாளர் கூட்டம். 1967 மார்ச்சில் இந்த இருவரும் பேட்மேன் தொடருக்கு விருந்தாளிகளாக வந்தபோது, ராபினோடு நடந்த சண்டையில் கேட்டோ தோற்கவில்லை. வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்தது. ஆறு வருடத்தில் அவர் உலகத்துக்கே கதாநாயகன்.

நகைப்புக்குரிய படம், நகைக்க முடியாத கேள்வி

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கேலிக்கு ஆளான படங்கள் எல்லாமே பொய் சொன்னவை அல்ல.

1951இல் 'சூப்பர்மேன் அண்ட் தி மோல் மென்' என்று ஒரு படம் வந்தது. ஒரு மணி நேரம்கூட ஓடாது. செலவில்லாமல் எடுத்தது. உலகத்திலேயே ஆழமான எண்ணெய்க் கிணற்றைத் தோண்டுகிறார்கள். பூமிக்கு அடியில் வாழும் குள்ள மனிதர்கள் சிலர் அதன் வழியாக மேலே வந்துவிடுகிறார்கள். உடம்பில் ரோம உடை, தலையில் பெரிய வழுக்கைத் தொப்பி. அவர்களுடைய ஆயுதம் வீட்டில் தூசி உறிஞ்சும் கருவிபோல் இருக்கும். உண்மையிலேயே அதை மாற்றிச் செய்ததுதான். பார்த்தால் சிரிப்பு வரும்.

கதை என்ன தெரியுமா? அந்தக் குள்ளர்கள் யாரையும் எதுவும் செய்யவில்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று ஊர் பயப்படுகிறது. ஒரு சிறுமி அவர்களோடு பந்து விளையாடுகிறாள், அதைப் பார்த்து ஊர் கொதிக்கிறது. துப்பாக்கியும் நாயுமாகக் கும்பல் கிளம்புகிறது. சூப்பர்மேன் அந்தக் கும்பலின் எதிரே நிற்கிறார். படம் முழுக்க அவருக்கு வேலை அதுதான். வேற்றுக்கிரகப் படையெடுப்பு கிடையாது, பைத்தியக்கார விஞ்ஞானி கிடையாது. வில்லன் என்று யாரையாவது சொல்லவேண்டும் என்றால், அது ஊர்தான். நாஜிப் படையினரைப்போல் நடந்துகொள்கிறீர்கள் என்று அவர்களைக் கண்டிக்கிறார். பாதிக்கப்பட்டவர்கள் திருப்பித் தாக்க வரும்போது, கும்பலின் தலைவனையும் காப்பாற்றுகிறார்.

இதற்கும் முன்னால், 1946 ஜூன், ஜூலை மாதங்களில், சூப்பர்மேன் வானொலித் தொடரில் 16 பாகங்களாக ஒரு கதை ஒலிபரப்பானது. ஒரு சீனக் குடும்பம் புதிதாகக் குடிவருகிறது. அந்த வீட்டுப் பையன் திறமையால் பேஸ்பால் குழுவில் இடம் பெறுகிறான். இடம் போன வெள்ளைப் பையனின் மாமா ஒரு ரகசியச் சங்கத்தின் தலைவர். வீட்டு வாசலில் சிலுவை எரிகிறது. கூ கிளக்ஸ் கிளான் என்று நேராகப் பெயர் சொல்லவில்லையே தவிர, கேட்ட யாருக்கும் சந்தேகம் வராது. கதையின் முடிவில் அந்தச் சங்கத்தின் பெரிய தலைவன், இந்த வெறுப்பில் தனக்கே நம்பிக்கை கிடையாது, எல்லாம் பணத்துக்காகத்தான் என்று ஒப்புக்கொள்கிறான். சாதிச் சங்கங்களின் மாநாட்டு வசூலைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டாம்.

மட்டமான உடை, அட்டைக் காட்சி என்ற அளவில் 1943ஆம் ஆண்டுப் படமும் 1951ஆம் ஆண்டுப் படமும் ஒன்றுதான். இரண்டையும் ஒரே கூடையில் போட்டுச் சிரிக்கிறது கேம்ப் ரசனை. நாம் பார்க்கவேண்டியது வேறு. தீமை என்று யாரைக் காட்டுகிறார்கள்? 1943இல் அடைக்கப்பட்டவனையே தீமை என்றார்கள். 1946இலும் 1951இலும் அடிக்க வந்தவனைத் தீமை என்றார்கள். 1966இல் தீமையைக் கோமாளியாக்கினார்கள்.

சரி, 1997இல்?

சக்திமானின் தீமை

'சக்திமான்' 1997 செப்டம்பர் 13 அன்று தூர்தர்ஷனில் ஆரம்பித்து 2005 மார்ச் வரை ஓடியது. முகேஷ் கன்னா நடித்துத் தயாரித்தார். மகாபாரதத்தில் பீஷ்மராக வந்தவர். ஞானிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டு, யோகத்தால் உடலின் சக்கரங்களை எழுப்பிச் சக்தி பெற்றவன் சக்திமான். சாதாரண மனிதனாக உலவுவதற்கு அவன் போட்ட வேடம் என்ன? பண்டித் கங்காதர் வித்யாதர் மாயாதர் ஓம்காரநாத் சாஸ்திரி. முன்பல் துருத்திய, கண்ணாடி போட்ட, பத்திரிகை அலுவலகப் புகைப்படக்காரர்.

அந்தப் பெயரை நாங்கள் சன்னலுக்கு வெளியே மூச்சு விடாமல் சொல்லி விளையாடியிருக்கிறோம். யார் வேகமாகச் சொல்கிறார்கள் என்று போட்டி. பண்டித்தும் சாஸ்திரியும் சாதிப் பெயர்கள் என்று அன்று தெரியாது. இந்தியாவில் ஒரு கதாநாயகன் எவர் கண்ணிலும் படாத சாதாரண மனிதனாக இருக்கவேண்டும் என்று எழுத்தாளர்கள் யோசித்தால், அவர்களுக்குப் பார்ப்பனர் பெயர்தான் தோன்றுகிறது. கேள்வி கேட்கப்படாமல் எந்த வாசலிலும் நுழையக்கூடிய பெயர் அது. சக்தி வந்த வழியும் அப்படித்தான். தேர்ந்தெடுக்கப்பட்டவனுக்கு ஞானம் வழங்கப்படும். படித்துப் போராடிப் பெறுவதல்ல.

அவன் எதிரி தம்ராஜ் கில்விஷ். இருள் நிலைக்கவேண்டும் என்று முழங்குவான். தீமைக்குப் பெயர் இருள். முகவரி இல்லாத இருள். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் குழந்தைகளுக்கு ஒரு நீதிப் பாடம் இருக்கும். சுத்தமாக இரு, பொய் சொல்லாதே, பெரியவர் சொல் கேள். தப்புச் செய்த பிள்ளை "சாரி சக்திமான்" என்று சொல்லும். எனக்கு நினைவிருக்கும்வரை, சன்னலுக்கு வெளியே நிற்பவனை உள்ளே கூப்பிடு என்று ஒரு பாடம் வந்ததில்லை.

இப்போது அந்த ஆண்டைப் பார்ப்போம். எளிமையான, கள்ளமற்ற காலம் என்று மீம் சொல்லும் ஆண்டு.

1997 ஜூன் 30. மதுரை மாவட்டம் மேலவளவு. தனித்தொகுதியாக ஒதுக்கப்பட்ட ஊராட்சியில், நிற்கக்கூடாது என்ற மிரட்டலை மீறி நின்று தலைவரான முருகேசனையும் உடன் வந்தவர்களையும், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் போய்த் திரும்பிய பேருந்தை மறித்து, ஆதிக்க சாதிக் கும்பல் வெட்டிக் கொன்றது.

1997 ஜூலை 11. மும்பை காட்கோபர், ரமாபாய் நகர். அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டதைக் கண்டித்துத் திரண்ட மக்கள்மீது போலீஸ் சுட்டதில் 10 பேர் இறந்தார்கள். சக்திமான் தயாரிக்கப்பட்ட அதே நகரம்.

1997 ஜூலை 25. கே.ஆர். நாராயணன் நாட்டின் முதல் தலித் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார்.

1997 செப்டம்பர் 13. சக்திமான்.

1997 டிசம்பர் 1. பீகார் லட்சுமண்பூர் பாத்தே. ரணவீர் சேனை என்ற நிலவுடைமைச் சாதிப் படை ஒரே இரவில் 58 பேரைக் கொன்றது. குழந்தைகளும் உண்டு. தண்டனை பெற்ற 26 பேரையும் 2013இல் பாட்னா உயர் நீதிமன்றம் விடுவித்தது.

தொடர் எழுதியவர்கள் இதற்கெல்லாம் பொறுப்பு என்று நான் சொல்லவில்லை. குழந்தைகள் தொடரில் படுகொலையைக் காட்டியிருக்கவேண்டும் என்றும் சொல்லவில்லை. ஆனால் 1946இல் ஒரு காலை உணவுத் தானிய விளம்பர வானொலி, குழந்தைகளுக்கான கதையிலேயே, வாசலில் சிலுவை கொளுத்துகிறவன் கெட்டவன் என்று சொல்ல முடிந்தது. அரை நூற்றாண்டு கழித்து, அம்பேத்கர் எழுதிய அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்ட நாட்டில், அரசுத் தொலைக்காட்சியில் வந்த கதாநாயகனால் "இருள்" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

2020 ஏப்ரலில் ஊரடங்கின்போது தூர்தர்ஷன் சக்திமானை மறுபடி ஒளிபரப்பியது. பழைய நினைவில் நாடு நெகிழ்ந்தது. அதே நாட்களில் புலம்பெயர் தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் பலரும் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று உங்களுக்குத் தெரியும். சன்னல் அப்போதும் அங்கேயேதான் இருந்தது.

தம்பிக்குப் பதில்

ஆகவே, தம்பி, உங்கள் கேள்விக்கு என் பதில் இது. ஜாலியாகப் பாருங்கள். நானும் பார்க்கிறேன். சக்திமான் சுழலும்போது இப்போதும் எனக்கு ஒரு சிரிப்பு வரும். அந்தச் சந்தோஷம் எங்களுடையதும்தான். சன்னலுக்கு வெளியே நின்று சம்பாதித்தது. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் மூன்று வேலை செய்யுங்கள். ஒன்று, ஏக்கத்தோடு ஒரு பழைய காட்சியைப் பகிரும்போது அது வந்த ஆண்டைத் தேடிப் பாருங்கள். அந்த ஆண்டில் உங்கள் ஊரில் என்ன நடந்தது என்று கேளுங்கள். இரண்டு, அந்தக் கதையில் தீமைக்கு யாருடைய முகம், கதாநாயகனுக்கு யாருடைய பெயர் என்று பாருங்கள். மூன்றாவது முக்கியம். உங்கள் வீட்டில் அம்மாவிடமும் சித்தப்பாவிடமும், நீங்கள் முதன்முதலில் எங்கே நின்று டிவி பார்த்தீர்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். "90ஸ் கிட்ஸ்" வரலாற்றை உள்ளே உட்கார்ந்தவர்கள் எழுதி முடித்துவிட்டார்கள். வெளியே நின்றவர்கள் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அண்ணல் அம்பேத்கர், அரசியலில் பக்தியும் தனிமனித வழிபாடும் சர்வாதிகாரத்துக்கே கொண்டுபோய் விடும் என்று எச்சரித்தார். பறந்து வந்து காப்பாற்றுபவனுக்காகக் காத்திருக்கும் பழக்கத்தைக் குழந்தைப் பருவத்திலேயே நமக்கு ஊட்டிவிடுகிறார்கள். மேலவளவுக்கு யாரும் பறந்து வரவில்லை. முருகேசனுக்கு மேலங்கி இல்லை, சக்கரம் இல்லை. ஒரு வேட்புமனு இருந்தது. கொல்வோம் என்று சொன்னவர்கள் எதிரே இருக்க, அதில் அவர் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மீமில் 1997 என்று பார்த்தால் அந்தக் கையெழுத்தும் உங்கள் நினைவுக்கு வரட்டும்.

ஜெய்பீம்.